அமலராணி கல்யாணத்து இரண்டாவது கேசட்

சுராயாவிடம் ஒரு சட்டம் இருந்தது. கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி வீட்டாரிடம் கொடுத்த எட்டாவது நாள், கேமராவில் எடுத்த ஒரிஜினல் கேசட்டை அழித்துவிடுவாள். யார் வந்து கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, அந்த விஷயத்தில் அவள் இறங்கி வந்தது கிடையாது. திருச்சி பாலக்கரையில் ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வீடியோ கடை நடத்துவதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. அதில் சட்டம் வேறு பேசுகிறாளே என்று சிலருக்கு எரிச்சல். எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடை வந்த கதை சின்னது. அவள் கணவன் ஹபீபுல்லாவுக்கு சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. எண்பத்து நாலில் லீவில் வந்தபோது, எல்லாரும் கொண்டுவரும் சென்ட்டையும் போர்வையையும் விட்டுவிட்டு, ஒரு வீடியோ கேமராவையும் கேசட் ஓட்டும் இரண்டு டெக்கையும் கொண்டுவந்து இறக்கினான். கல்யாணம் எடுக்கலாம், நல்ல தொழில் என்று எல்லாருக்கும் விளக்கினான். விளக்கி முடித்ததும் லீவும் முடிந்து விமானம் ஏறிப் போய்விட்டான். கேமராவைத் தோளில் தூக்க அவன் தம்பி ஜமால் இருந்தான். வெட்டி ஒட்டத்தான் ஆள் இல்லை. ஜமாலுக்கு ஒரு இடத்தில் கால்மணி நேரம் உட்கார வராது. சுராயா பத்தாவது வரை படித்தவள். டெக்கோடு வந்த புத்தகத்தில் இங்கிலீஷ் புரியாத இடத்தில் படத்தைப் பார்த்து, படமும் புரியாத இடத்தில் பொத்தானை அமுக்கிப் பார்த்து, ஒரே மாதத்தில் தொழிலைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை இதுதான். ஒரு டெக்கில் ஒரிஜினல் ஓடும். அதில் வேண்டிய துண்டை மட்டும் இன்னொரு டெக்கில் பதிய வேண்டும். கடைசியில், தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட வேண்டும். தாலி கட்ட ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு, பெண் அழுதுகொண்டே காரில் ஏறும்போது கட்டாயம் ஒரு சோகப் பாட்டு. ஜனங்கள் பேசுவது, இருமுவது, பந்தியில் ரசம் கேட்டுக் கத்துவது எல்லாம் குப்பை என்று வீடியோ கடைக்காரர்கள் நினைத்தார்கள். கல்யாண வீட்டாரும் அப்படித்தான் நினைத்தார்கள். பாட்டு இல்லாவிட்டால் வீடியோ எடுத்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சட்டம் பிறந்ததற்குக் காரணம் வேறு. நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கம் தனி. அங்கே முக்காடு நழுவும், பாட்டும் கேலியும் நடக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் சுராயாவே கேமராவைத் தூக்கிப் போய் எடுப்பாள். வேறொரு ஊரில் ஒரு கடைக்காரன் அப்படி எடுத்த ஒரிஜினலை அலட்சியமாகப் போட்டுவைக்க, அது கை மாறிப் போய் நாலு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று ஒரு செய்தி வந்தது. சுராயாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டில் ஒரு துண்டுகூடத் தங்காது என்று அன்றே முடிவு செய்தாள். சந்தேகம் இருந்தால் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அழிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம். இந்த ஒரு வார்த்தைக்காகவே புதுக்கோட்டையிலிருந்துகூட அவளைத் தேடி வந்தார்கள். ஜமாலுக்கும் இதில் ஆதாயம் உண்டு. நல்ல கேசட் என்றால் வளைகுடாவிலிருந்து யாராவது வந்தால்தான். அழித்ததை அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வான்.

சட்டத்தால் ஒரு முறை சங்கடம் வந்தது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணக் கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். திருமாங்கல்ய தாரணத்தின்போது மந்திரமே காதில் விழவில்லை, யாரோ ஒருத்தி காதலனைக் காணோம் என்று பாடுகிறாள், இது என்ன அபசாரம் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஒரிஜினல் அழித்தாயிற்று என்று சுராயா சொன்னாள். அவர் கேசட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெருமாள் சித்தம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சுராயா அதற்காகக் கலங்கவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று, பாலக்கரைக்கு ஒன்று என்று சட்டம் வைக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிடிவாதத்தில் அவளை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை.

அமலராணி வந்தது ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, வாசலில் நின்று, இது வீடியோ கடைதானே என்று கேட்டாள். பார்வை இல்லாத பெண். புத்தூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். பஸ்ஸில் வந்து, இறங்கி, வழி கேட்டுக் கேட்டுத் தனியாகவே வந்திருந்தாள். மே மாதக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அருள்நாதன், பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா. மாதா கோயிலில் கல்யாணப் பூசையையும், பிறகு ஹாலில் நடந்த வரவேற்பையும் ஜமால்தான் எடுத்தான். கேசட்டைப் போன வாரம்தான் கொடுத்திருந்தார்கள்.

சுராயா நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அமலராணி சுற்றி வளைக்கவில்லை. வீட்டில் வாடகைக்கு டெக் எடுத்துவந்து போட்டார்கள், எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள், தனக்கு மட்டும் இரண்டு மணி நேரமும் சினிமாப் பாட்டுத்தான் கேட்டது என்றாள். ஒரு குரல்கூட இல்லை. தன் கல்யாணம்தானா, வேறு யாருடைய கல்யாணமோ என்றே தெரியவில்லை. பாட்டுப் போடுவதற்கு முந்தைய கேசட் இருந்தால் வேண்டும் என்றாள்.

சுராயாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு வருஷமாக நூறு கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டிருக்கிறாள். கண் தெரியாத பெண்ணின் கல்யாணத்தை வெட்டும்போது, பாட்டைப் போட்டு மூடினால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கத் தோன்றவில்லை. அந்த மேடைக் காட்சிக்கு எந்தப் பாட்டு பொருத்தம் என்றுதான் அரைமணி நேரம் யோசித்தாள். நல்ல யோசனை.

ஆனால் வெட்கத்தைவிடப் பெரியதாக ஒன்று அவளைத் தடுத்தது. ஒரிஜினல் இரண்டு கேசட். பூசை இருந்த முதல் கேசட் முந்தாநாள் அழிந்துவிட்டது. அதற்குள் கரண்ட் போய்விட்டதால், வரவேற்பு இருந்த இரண்டாவது கேசட் அப்படியே உள்ளே இருந்தது. அதில் ஒரு பேச்சு இருந்தது. மாப்பிள்ளையின் சித்தி மேடையோரம் நின்று, கேமராவுக்குப் பக்கத்திலேயே பேசியது. வெட்டும்போது அதைக் கேட்டதும் சுராயாவுக்குக் கோபம் வந்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, மீதியைப் படத்தை மட்டும் பார்த்து முடித்தாள். பிறகு அந்த இடத்தின் மேல் ஒரு நல்ல பாட்டைப் போட்டாள். இந்தப் பெண் அதைக் கேட்டால் என்ன ஆவாள்? புகுந்த வீட்டில் கால் வைத்து இரண்டு மாதம் ஆகவில்லை.

அழித்துவிட்டோம் என்று சுராயா சொன்னாள். இரண்டு கேசட்டுமா என்று அமலராணி கேட்டாள். ஆமாம், எங்கள் வழக்கம் அது என்றாள். அமலராணி கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். பூசை போனால் பரவாயில்லை, அது மனப்பாடம், சாமியார் சொல்லச் சொல்ல நான்தானே சொன்னேன் என்று லேசாகச் சிரித்தாள். பிறகு எழுந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து ஜமால் கேசட்டும் கையுமாக வந்தான். அண்ணன் மனைவியை அந்த வீடுகளில் மச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வந்திருப்பது யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கேசட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டே, "மச்சி, இந்த அருள்நாதன் அமலராணி ரெண்டாவது கேசட்டு இன்னும் அழிக்கலையே. ஞாயித்துக்கிழமை அரியமங்கலம் கல்யாணத்துக்கு இதை எடுத்துக்கவா?" என்றான்.

ஜமால் நிமிர்ந்து பார்த்து, கேசட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்ற யோசனை இல்லாமல்.

அமலராணி மறுபடி உட்கார்ந்தாள். பொய் சொன்னதற்குக் காரணம் இருக்கும், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்கிற தோரணை. சுராயாவுக்கு மழுப்பிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துபோனது.

"அதுல ஒரு பேச்சு இருக்கு டீச்சர். நல்ல பேச்சு இல்ல. நீங்க கேக்க வேண்டாம்னுதான்."

"எதுக்கு வீடியோன்னு கேட்டாங்களே, அதுவா?" என்றாள் அமலராணி. "அது எனக்குத் தெரியும்க்கா. நான் அங்கதானே உக்காந்திருந்தேன். கண்ணுதான் தெரியாது."

அதற்குப் பிறகு அவள் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தபோது, கண் தெரியாத பெண்ணுக்கு எதற்கு வீடியோ என்று சித்தி ரோசம்மாள் கேட்டது காதில் விழுந்தது. மாமியார் வியாகுலம்மாளிடம்தான் கேட்டாள். மாமியார் என்ன பதில் சொல்லப்போகிறார் என்று அமலராணி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அதே நொடியில் பேண்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். பேண்டுச் சத்தத்துக்கு மேலே அவளுக்கு ஒன்றுதான் கேட்டது. ஒரு சிரிப்பு. அது மாமியார் சிரிப்பு என்று அவள் முடிவு செய்துவிட்டாள். யாரோ பேசியதைப் பொறுத்துக்கொள்ளலாம், பழகிப்போனதுதான். அதற்கு மாமியாரும் சேர்ந்து சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை. முதல் வாரத்திலேயே தனிக்குடித்தனம் வேண்டும் என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை. அவரும் எடமலைப்பட்டி புதூரில் ஒரு வீடு பார்த்துவிட்டார். வருகிற முதல் தேதி குடிபோக வேண்டும்.

"போறதுக்கு முன்னாடி, அவங்க என்ன சொன்னாங்கன்னு தெரியணும்க்கா," என்றாள். "சிரிச்சது மட்டும்தான்னா, நிம்மதியாப் போயிடுவேன். திரும்பிப் பாக்க வேண்டியதில்ல."

சுராயா ஜமாலிடம் கையை நீட்டினாள். அவன் ஞாயிற்றுக்கிழமை என்று ஏதோ ஆரம்பித்தான். கேசட்டைக் கொடு என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் வந்தால் அண்ணனே தம்மாமிலிருந்து பணிந்துபோவான். ஜமால் கொடுத்துவிட்டான்.

டிவியைப் போட்டு, கேசட்டை ஓட்டி, மேடைக் காட்சிக்குக் கொண்டுவந்தாள். உங்கள் மாமியார் பச்சைப் பட்டில் ஓரமாக நிற்கிறார், சித்தி பக்கத்தில் நிற்கிறார் என்று அமலராணிக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சத்தத்தைக் கூட்டினாள். கூட்டத்தின் இரைச்சல் வந்தது. யாரோ நாற்காலி கேட்டார்கள். பிறகு கேமராவுக்குப் பக்கத்தில், தெளிவாக, ரோசம்மாளின் குரல். "கண்ணு தெரியாத பொண்ணுக்கு எதுக்குக்கா வீடியோ? யாரு பாக்கப்போறா?"

போன தடவை சுராயா இங்கேதான் சத்தத்தைக் குறைத்தாள். இப்போது குறைக்கவில்லை. பேண்டு இடிமாதிரி ஆரம்பித்தது. அதற்கு நடுவே இன்னொரு குரல், மெதுவான குரல், ஜமால் கேமராவோடு ஒட்டி நின்ற புண்ணியத்தில் பதிவாகியிருந்தது.

"பாக்கவா எடுக்கச் சொன்னேன்? அவ கேக்கட்டும்னு எடுக்கச் சொன்னேன். வந்தவங்க குரலெல்லாம் இதுல இருக்கும்ல. நீ பேசறதும் இருக்கும், வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

அப்புறம் அந்தச் சிரிப்பு.

அமலராணி இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டாள். மூன்றாம் தடவையும் போடச் சொன்னாள். சிரித்தது யார், வாயைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். சுராயா டிவியின் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். வியாகுலம்மாள் உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை. திட்டு வாங்கிய ரோசம்மாள்தான் அசடு வழியச் சிரித்தாள். அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. கல்யாணத்தன்று புதுப் பெண்ணுக்கு எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

அமலராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தன் காதைப் பற்றி அவளுக்கு எப்போதும் ஒரு கர்வம் உண்டு, அது இப்படிக் கவிழ்த்துவிட்டது. கேசட் வந்த அன்றைக்கு மாமியார் எல்லாரையும் விட்டுவிட்டுத் தன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்ததை அழுகையோடு சொன்னாள்.

"நல்லா கேக்குதாம்மான்னு கேட்டாங்க. பாட்டுதான் கேக்குது, இதுக்கு ரேடியோவே போதும்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாங்க. எதுக்குக் கேட்டாங்கன்னு அப்பத் தெரியலக்கா."

சுராயாவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் முழுக்கத் தன் மேல்தான். ஒரு மாமியார் வெளியே சொல்லிக்கொள்ளாமல், மருமகள் கேட்கட்டும் என்று எடுக்கச் சொன்ன கல்யாணம். அதைப் பாட்டுப் போட்டு மூடினாள். பாதியை அழித்தாள். மீதியையும் இல்லை என்று பொய் சொன்னாள். இன்னும் மூன்று நாள் போயிருந்தால் அந்தக் குரலின் மேல் அரியமங்கலத்துக் கல்யாணம் ஏறியிருக்கும். சித்திரை வீதிப் பெரியவருக்கு மந்திரம் எவ்வளவு பெரிது என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கேசட்டை வெளியே எடுத்தாள். கேசட்டின் முதுகில் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் எந்த டெக்காலும் அதன் மேல் இன்னொன்றைப் பதிய முடியாது. ஸ்க்ரூட்ரைவரை எடுத்து அதைப் பட்டென்று உடைத்தாள். ஜமால் ஐயோ என்றான். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது, அதைவிட நம் சட்டம் என்ன ஆவது, நாளைக்கு நிக்காஹ் வீட்டுப் பெண்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அடுக்கினான்.

"அவங்களுக்குச் சொன்ன வார்த்தை அப்படியேதான் இருக்கு. நம்ம வீட்ல எதுவும் தங்காது," என்றாள் சுராயா. "ஆனா அழிக்கவா, கையில குடுக்கவான்னு இனிமே கல்யாண வீட்டுக்காரங்களைத்தான் கேக்கணும். நாமளா முடிவு பண்றதுக்கு நாம யாரு? ஞாயித்துக்கிழமைக்குப் புதுசு வாங்கு. கிடைக்கலைன்னா அரியமங்கலத்துக்குப் போகாத."

அன்றிலிருந்து அந்தக் கடையில் கல்யாணம் பதிய வருகிறவர்களிடம் தேதி கேட்பதற்கு முன்னால் இந்தக் கேள்விதான் கேட்கப்பட்டது. பாட்டு வேண்டுமா, பேச்சு அப்படியே இருக்கட்டுமா என்றும் கேட்டாள். பாட்டுத்தான் வேண்டும் என்று பத்துக்கு ஒன்பது பேர் சொன்னார்கள். சொல்லட்டும், கேட்பது தன் கடமை என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

ஆனால் அன்றைக்கு வேலை அதோடு முடியவில்லை. அமலராணியின் புகுந்த வீட்டில் டிவி இருந்தது, டெக் இல்லை. சுராயா கடையைச் சாத்தினாள். டெக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அமலராணியோடு ஆட்டோவில் ஏறிப் பொன்மலைக்குப் போனாள். வியாழக்கிழமை பகலில் கடையைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் அமலராணி கேசட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வியாகுலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒல்லியான, சத்தமில்லாத மனுஷி. கடைக்காரி டெக்கோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் மருமகள் ஏதோ குறை சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறாள் என்று பயந்துவிட்டாள். பாட்டெல்லாம் ரொம்ப நன்றாக இருந்தது, தெருவே பாராட்டியது என்று சுராயாவைச் சமாதானப்படுத்தினாள். சுராயாவுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சுவரோரம் ஒரு சாக்கு மூட்டை கட்டி வைத்திருந்தது. சின்னக் குக்கர், இரண்டு பேருக்குப் போதுமான சட்டி பானை, தோசைக்கல். மருமகளின் தனிக்குடித்தனத்துக்கு வியாகுலம்மாளே ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டியது.

டெக்கை மாட்டி ஓட்டினாள். அமலராணி மாமியாரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நாற்காலி கேட்ட குரல் வந்தது. ரோசம்மாள் வந்தாள். பிறகு வியாகுலம்மாளின் குரலே வந்தது. தன் குரலை அந்தம்மாள் அதுவரை வெளியிலிருந்து கேட்டதில்லை. யாரோ பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், என்ன பேச்சு என்று புரிந்ததும் பதறிப்போய்விட்டாள்.

"இதை நிறுத்தும்மா. ரோசம்மா காதுல விழுந்தா மனசு நொந்துபோவா. தெரியாமப் பேசிட்டா, அவ அப்படிப்பட்டவ இல்ல."

சுராயா நிறுத்தினாள். அமலராணி கையால் துழாவி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கீரை ஆய்ந்த ஈரம் அந்தக் கையில் இருந்தது.

"அத்தை, நாங்க புதூருக்குப் போகல. தனியாப் போகணும்னு கேட்டது நான்தான், அவர் இல்ல. இப்ப வேண்டாம்னு நானே சொல்றேன்."

வியாகுலம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. அவள் எதையும் கேட்டுப் பழகினவள் இல்லை. கொஞ்ச நேரம் மருமகளின் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். சுவரோரம் போய்ச் சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள். குக்கரை எடுத்து அலமாரியில் வைத்தாள், சட்டியை எடுத்து வைத்தாள், தோசைக்கல்லை ஆணியில் மாட்டினாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அமலராணி முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.